ஐஸ் பேக்டரி சந்தின் கடைசிக் கதவு

மழை நாளில் கதவில் சாக்பீஸால் எழுதுவது பெரிய ரோதனை. பலகை ஊறிப்போயிருக்கும். சாக்பீஸ் குழைந்து விரலில் ஒட்டுமே தவிர எழுத்து விழாது. ஐஸ் பேக்டரி சந்தில் மொத்தம் நாற்பது அறைகள். முப்பத்தொன்பது கதவுகளில் கிறுக்கித் தள்ளிவிட்டு நாற்பதாவதுக்கு வந்தேன். அதற்கு மேலே மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்ததால் பலகை காய்ந்திருந்தது.

காலை எட்டு மணி இருக்கும். சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். உப்பனாறு நிரம்பி வருகிறது, மேலே அணையிலிருந்தும் திறந்துவிட்டிருக்கிறார்கள், எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஒவ்வொரு கதவையும் பார்த்து எழுதிவிட்டு வா என்று எனக்கு உத்தரவு.

கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது. ஜன்னல் மழைக்குச் சாத்தியிருந்தது. இரண்டு முறை தட்டினேன். "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தேன். ஷீட்டின் மேல் மழை அடித்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஆளில்லை" என்று எழுதி, தேதி போட்டு, கீழே "செல்வி" என்று கையெழுத்தும் போட்டேன். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. அந்த மழையிலும் அதைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தி.

உள்ளே பன்னிரண்டு நாள் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கொசு அக்கா

சென்ற வாரம் நான் சிதம்பரத்துக்கு ரயிலேறிப் போய்த் தபால் வழியில் பி.ஏ. தமிழ் பரீட்சை எழுதிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பி.ஏ. முடித்துவிட்டு என்ன உத்தியோகம் பார்த்தீர்கள்?"

கொசு பிடித்தேன். உண்மையைச் சொன்னால் கொசுவைக்கூடப் பிடிக்கவில்லை. அதன் புழுவைப் பிடித்தேன்.

டெங்குக் காய்ச்சல் வராமல் தடுக்க வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜ் பின்னால் இருக்கும் டப்பா எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புழு நெளிந்தால் கொட்டச் சொல்ல வேண்டும். கொட்ட முடியாத தண்ணீரில் மருந்து ஊற்ற வேண்டும். பார்த்த வீட்டின் கதவில் சாக்பீஸால் தேதி போட வேண்டும். பூட்டியிருந்தால் அதையும் எழுத வேண்டும். தற்காலிக வேலைதான். அந்தத் தற்காலிகம் பன்னிரண்டு வருஷம் நீண்டது.

கடலூர் முதுநகரில் எனக்கு ஒதுக்கிய வீடுகளில் பெரிய வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தே "எங்க வீட்ல புழுவெல்லாம் இல்ல" என்று அனுப்பிவிடுவார்கள். பாதிப் புழு அங்கேதான் இருக்கும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து டீ குடித்த ஒரே இடம் ஐஸ் பேக்டரி சந்து.

இந்திக்காரத் தெரு

சந்தில் ஐஸ் பேக்டரி கிடையாது. எப்போதோ இருந்ததாம். இப்போது இருப்பது எதிரும் புதிருமாக இரண்டு வரிசை லைன் வீடு. அறைக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஆறு அறைக்கு ஒரு கக்கூஸ். வீட்டுக்காரர் புதுச்சேரியில் இருந்தார். அவர் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாளில் அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் வலை பின்னுகிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள். ஒருத்தி நர்ஸ் ஆனாள், ஒருவன் நெய்வேலிக்கு வேலைக்குப் போய்க் கம்மாபுரத்தில் வீடு கட்டினான், மற்றவர்கள் புதுநகர் பக்கமும் சென்னைக்கும் நகர்ந்தார்கள். காலியான அறைகளுக்கு ஒடிசாவிலிருந்து ஆள் வந்தது. முதலில் நாலு பேர். அடுத்த வருஷம் பார்த்தால் சந்து முழுக்க அவர்கள்தான். ஊடே பீகார்க்காரர்கள் இரண்டு அறை. தமிழ்க் குடும்பம் என்று மிஞ்சியது ஏழுமலை மாமா வீடு ஒன்று.

ஏழுமலை மாமா எனக்குத் தூரத்துச் சொந்தம். மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். முன்னால் பலகை, பின்னால் சீட்டு, மூன்று சக்கரம், பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஒன்று. அந்த வண்டி வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வாசனை வந்துவிடும். மகள் கல்யாணத்தைத் திருவந்திபுரத்தில் முடித்துவிட்டு மாமாவும் அத்தையும் தனியாக இருந்தார்கள்.

"இன்னா செல்வி, நம்ம தெருவுல நாமளே வெளியூருக்காரன் மாதிரி ஆயிட்டோம் பாரு. எங்க பாத்தாலும் இந்திக்காரனுங்க" என்று பார்க்கும்போதெல்லாம் புலம்புவார்.

புலம்பிக்கொண்டே அவர்கள் காஸ் சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவைப்பார். கூலி கேட்டு வாங்க மாட்டார். கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்.

அவர்கள் பேசியது இந்தி இல்லை, ஒடியா. இது தெரியவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது. எங்கள் ஆபீசில் கடைசிவரை யாருக்கும் தெரியாது. ரிஜிஸ்டரில் "இந்திக்காரர்" என்றுதான் இருக்கும். பேரைக் கேட்டு எழுதப் பொறுமை இல்லாமல் நானே பல அறைகளுக்கு "இந்தி – 4 பேர்" என்று எழுதியிருக்கிறேன்.

காலை ஐந்தரைக்குக் கம்பெனி வேன் சந்து முனையில் ஹாரன் அடிக்கும். ஆண்கள் சிப்காட் பக்கம் கெமிக்கல் கம்பெனிகளுக்குப் போவார்கள். மீன்பிடி போட்டுக்குப் போகிறவர்கள் வேறு நேரத்தில் கிளம்புவார்கள். பெண்கள் இறால் உரிக்கப் போவார்கள். ஏழு மணிக்கு மேல் சந்தில் கடுகு எண்ணெய் வாசனையும் கொடியில் காயும் துணியும்தான் இருக்கும்.

சாயங்காலம் நிலவரம் தலைகீழ். வாசலுக்கு வாசல் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரோடு வீடியோவில் பேசுவார்கள். இந்தப் பக்கம் இவள் வெங்காயம் நறுக்குவாள், அந்தப் பக்கம் அவள் அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டுவாள். மாடு கத்துவது சந்து முழுக்கக் கேட்கும். முனையில் இருந்த பெட்டிக்கடையில் "ரீசார்ஜ்" என்று மூன்று மொழியில் பலகை. அதில் தமிழில்தான் எழுத்துப் பிழை இருந்தது.

சபிதாவின் தமிழ்

அந்தச் சந்தில் தமிழ் பேசிய முதல் பெண் சபிதா. நாற்பதை நெருங்கிய வயது, கட்டையான உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. அவள் தமிழ் கற்றுக்கொண்டது மீன் ஏலம் விடுகிற இடத்தில். அதனால் கலெக்டர் வந்தாலும் "யோவ்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

நான் முதன்முதலில் அவள் டிரம்மில் மருந்து ஊற்றப் போனபோது டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"யோவ் தீதி, வெஷம் ஊத்தாத!" தீதி என்றால் அக்கா.

"வெஷம் இல்லம்மா, மருந்து. கொசுப் புழுவுக்கு."

"மருந்துன்னா நீ குடி."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மருந்தை ஊற்றிக் கலக்கி, அதிலேயே ஒரு டம்ளர் மொண்டு மடக்கென்று குடித்துக் காட்டினேன். சபிதா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிய பழைய சோறு கொண்டுவந்தாள். ஓரத்தில் உப்பு, பச்சை மிளகாய், வறுத்த கருவாடு.

"இத எங்க ஊர்லயும் சாப்புடுவோமே" என்றேன்.

"பொய்" என்றாள் சபிதா. அவள் ஊர்ச் சோறு எங்கள் ஊரில் இருக்கும் என்று அவள் நம்பவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து நாற்பது கதவும் எனக்குத் திறந்தன. புதிதாக வந்து குடியேறுகிறவர்களிடம் "கொசு அக்கா, கவுருமெண்ட்டு" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிடுவாள். நான் கதவில் சாக்பீஸால் தேதி போடும்போது சில பெண்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். ரேஷன் கார்டு இல்லாத, ஓட்டு இல்லாத அந்தச் சந்தில் அரசாங்கம் வந்து எழுதிவிட்டுப் போகிற ஒரே இடம் அந்தக் கதவுதான். மழையில் அழிந்துவிட்டால் "அக்கா, எங்க வூட்டுல எழுத்து போச்சு" என்று வந்து சொல்லிப் புதிதாகப் போட்டுக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

தாய் வீட்டுக்குப் போனவள்

ஐந்தாம் நம்பர் அறையில் பிஜய் என்ற பையன் கல்யாணம் செய்து பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ரஸ்மிதா என்று பேர். இருபது வயதுக்கு மேல் இருக்காது. முதலில் அண்ணாகிராமம் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்தில் இருவரும் வேலை பார்த்தார்களாம். கொட்டை ஓட்டிலிருந்து வடியும் பால் பட்டு அவள் விரலெல்லாம் கறுத்திருந்தது. பிஜய்க்குக் கம்பெனி வேலை கிடைத்ததும் முதுநகர் வந்துவிட்டார்கள்.

அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என்னைப் பார்த்தால் சிரிப்பாள். டிரம் மூடியைத் தானே திறந்து காட்டுவாள். வயிறு தெரிய ஆரம்பித்தது. பிறகு பெரிதானது. ஒரு வாரம் போனேன், ஆளைக் காணோம். அடுத்த வாரமும் இல்லை. ஐந்தாம் நம்பரில் ஆண்கள் மட்டும் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? மாதம் நெருங்கிவிட்டது, தலைப்பிரசவம், பெண் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டில் என் அக்காவையும் வளையல் அடுக்கிச் சீமந்தம் முடித்த கையோடு கூட்டிக்கொண்டு வந்தோம். ஏழுமலை மாமா மகளும் அப்படித்தான் வந்தாள். வேறு மாதிரி நடக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. இந்தத் தப்பைச் செய்ய நம் ஊர்க்காரியாகப் பிறந்திருக்க வேண்டும்.

ரஸ்மிதா எங்கேயும் போகவில்லை. இரண்டு நாள் ரயிலில் அந்த வயிற்றோடு எப்படிப் போவாள்? கடலூர் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சந்துக்குத் திரும்பி வந்ததும் அவளைக் கடைசி அறையில் வைத்தார்கள். பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் இருபத்தோரு நாள் தனி அறையில் இருக்க வேண்டும், இருபத்தோராம் நாள்தான் தலைக்கு ஊற்றிப் பேர் வைத்து வெளியே கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கடைசி அறைக்கு மட்டும் பின்னால் தனியாக ஒரு குளியலறை இருந்தது. சந்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அந்த அறையில் இருப்பவர்கள் மூன்று வாரத்துக்கு வேறு அறைக்கு மாறிக்கொள்வார்கள். வருஷக்கணக்காக இது நடந்திருக்கிறது. அந்த வாரங்களில் டிரம்மை வாசலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள், அதனால் கதவு கதவாக எழுதிய எனக்குத் தெரியாது.

அந்தக் கதவுக்கு உள் தாழ்ப்பாள் கிடையாது. பிஜய் ராத்திரி ஷிப்டு போகும்போது வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். காலையில் வந்து திறப்பான். சபிதா ஜன்னல் வழியாகச் சோறு கொடுப்பாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

கழுத்தில் தொங்கிய சாவி

வெள்ளம் வந்த அன்று விடிந்ததும் முதல் வேனில் சந்துப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றினோம். போலீஸ்காரர் ஒருவர் "ஏறு, ஏறு" என்று விரட்டிக்கொண்டிருந்தார். பிஜய் ஷிப்டு முடிந்து வந்துகொண்டிருப்பான், அவனே பெண்டாட்டியை ஜாக்கிரதையாகக் கூட்டி வருவான் என்று சபிதா நினைத்தாள். வழக்கமாக அவன் ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவான். அன்றைக்கு மழையில் அடுத்த ஷிப்டு ஆள் வரவில்லை. கம்பெனியில் இவனை விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். மணி பத்து இருக்கும். பாலத்தின் பக்கம் போலீஸ் யாரையும் சந்துக்குள் விடாமல் "எல்லாரும் ஸ்கூல்ல இருக்காங்க, அங்க போ" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவனாகப் பிஜய் வந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான். என் பின்னால் இருந்த வகுப்பறையை எட்டிப் பார்த்தான். அடுத்த வகுப்பறையைப் பார்த்தான். திரும்பி என்னிடம் வந்தான்.

"ரஸ்மிதா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கழுத்தைப் பார்த்துவிட்டேன். கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளைச் சாவி தொங்கியது.

சபிதா தட்டை வைத்துவிட்டு எழுந்துவந்தாள். பிஜயைப் பார்த்து ஒடியாவில் ஏதோ கத்தினாள். அவன் பதிலுக்குக் கத்தினான். எனக்கு மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

"யோவ் அக்கா, கடசீ ரூம்ல! புள்ள பெத்தவ!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள் சபிதா.

அந்தக் கதவைத் தட்டியவள் நான்தான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. ஓடினேன்.

சக்கரத்தில் ஓர் அறை

ஏழுமலை மாமா பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பீடியைத் தூக்கிப் போட்டார். பிஜய், சபிதா, அவளோடு இரண்டு பெண்கள், நான், எல்லாரும் வண்டியில் ஏறிக்கொண்டோம். பாலத்தில் போலீஸ்காரர் தடுத்தார். மாமா அவரைத் திட்டிய திட்டை இந்தப் பத்திரிகை அச்சில் போடாது.

சந்துக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்திருந்தது. கடைசிப் பக்கம் பள்ளம். அங்கே தொடைக்கு ஏறியிருந்தது. பிஜய் பூட்டைத் திறந்துவிட்டான். கதவு ஊறி அடைத்துக்கொண்டு நகரவில்லை.

மாமா கதவருகே போனார். என் எழுத்து அவர் மூக்குக்கு நேரே இருந்தது. ஆளில்லை. தேதி. செல்வி. படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். தோளை அந்த இடத்திலேயே வைத்துத் தேய்த்து முட்டினார். மூன்றாம் முட்டுக்குக் கதவு திறந்தது. எழுத்து இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல்தான் மிச்சம்.

ரஸ்மிதா பலகைக் கட்டிலின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கட்டில் விளிம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் குடம் அறைக்குள் மிதந்து சுற்றியது. குழந்தை அவள் மார்பில் துணிக்குள் இருந்தது. அழவில்லை. அழாததைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு பார்த்தால் பால் குடித்துக்கொண்டிருந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ரஸ்மிதா எழுந்திருக்க மாட்டேன் என்றாள். வாசலைக் காட்டித் தலையை ஆட்டினாள். பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வெளி வானத்தைப் பிள்ளை பார்க்கக் கூடாது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அறிவிருக்கா உனக்கு? தண்ணி ஏறுது, நாள் கணக்குப் பாக்குற!" என்று கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை என்பது கூடத் தெரியாமல் கத்தினேன். என் மேல் இருந்த கோபம் முழுக்க அவள் தலையில் இறங்கியது. அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"யோவ், நீ சும்மா இரு" என்றாள் சபிதா என்னிடம்.

அவள் வெளியே போய் மாமாவின் வண்டியில் மீன் மூடக் கிடந்த தார்ப்பாயை எடுத்தாள். இரண்டு பெண்களும் கொடியில் நனைந்து தொங்கிய போர்வைகளை உருவினார்கள். வண்டியின் நாலு மூலையிலும் துடுப்பு, கழி, துடைப்பக் கட்டை என்று கிடைத்ததையெல்லாம் கட்டி நிறுத்தினார்கள். மேலே தார்ப்பாய், சுற்றிலும் போர்வை. வண்டியை வாசல்படியோடு ஒட்டி நிறுத்தி, கதவு நிலைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். அறையில் காத்து கறுப்பு அண்டாமலிருக்க ரஸ்மிதாவின் தலைமாட்டில் வைத்திருந்த இரும்புக் கத்தியைச் சபிதா கொண்டுபோய் வண்டிப் பலகையில் வைத்தாள். பிறகு ரஸ்மிதாவிடம் ஒடியாவில் ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்ற அவகிட்ட?" என்றார் மாமா.

"இதுவும் அந்த ரூம்தான். ரூம் இப்ப கொஞ்சம் நடக்கப் போவுதுன்னு சொன்னேன்."

பிஜய் அவளைத் தூக்கி வண்டிக்குள் வைத்தான். இன்ஜின் தண்ணீரில் நின்றுபோயிருந்தது. தள்ளினோம். ஏழுமலை மாமா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, பச்ச உடம்பு, குலுங்கக் கூடாது" என்று எங்களை அதட்டிக்கொண்டே வந்தார். போர்வைக்குள்ளிருந்து குழந்தை ஒருமுறை தும்மியது. மீன் வாசனைக்காக இருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் அறையை அவளுக்கு ஒதுக்கினார்கள். இடம் போதாமல் வராந்தாவில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களில் ஒருவர், "ஒரு பொம்பளைக்கு ஒரு ரூமா?" என்று ஆரம்பித்தார். முதுநகர்ப் பெண்கள் அவரைப் பேசவிடவில்லை. "புள்ள பெத்தவளுக்குத் தனியாத்தான் வுடணும், உனுக்கு இன்னா தெரியும்?" என்று ஒரு அதட்டல். அவர் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அதிகாரி ஒருவர் வந்தார். என் லிஸ்டைப் புரட்டினார். "ஐஸ் பேக்டரி சந்துல ஒருத்தரையும் விடலையாமே. கைக்குழந்தையைக்கூடக் கொண்டுவந்துட்டீங்களாம். வெரி குட்" என்றார். கடைசி அறைக்கு ஆளில்லை என்று எழுதியிருந்த பக்கத்தை நான் மதியமே கிழித்துவிட்டு வேறு எழுதி வைத்திருந்தேன். சரி சார் என்றேன்.

ஏழுமலை மாமா அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. ஒருமுறை நானாக ஆரம்பித்தபோது "வுடு செல்வி" என்றார். நானும் விட்டுவிட்டேன். விட்டுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிதம்பரம், கீழவீதி

நாலைந்து வருஷம் போயிருக்கும். வேலையை விட்டுவிட்டேன். பட்டச் சான்றிதழ் நகல் ஒன்று வாங்கச் சிதம்பரம் போயிருந்தேன். திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்ததால் கீழவீதியில் நடந்துகொண்டிருந்தேன்.

"கொசு அக்கா!"

பானிபூரி வண்டி. அதன் பின்னால் ரஸ்மிதா. சதை போட்டிருந்தாள். வண்டியைச் சுற்றிப் பொறியியல் மாணவர்கள் மாதிரி ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்களோடு அவள் பேசிய தமிழைக் கேட்டு நான் அசந்துபோனேன். "இன்னா தம்பி, காரம் ஜாஸ்தியா போடட்டா?" முதுநகரே அவள் வாயில் இருந்தது.

பிஜய் உருளைக்கிழங்கு வாங்கப் போயிருந்தான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் தட்டை நீட்டினாள். வண்டிக்குக் கீழேயிருந்து ஒரு பெண் குழந்தை எழுந்துவந்து என்னை முறைத்துப் பார்த்தது. பிறகு என்ன தோன்றியதோ, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கனமான குழந்தை.

"இவங்கதாண்டி" என்றாள் ரஸ்மிதா அதனிடம். "நம்ம கதவுல எழுதிட்டுப் போனாங்கன்னு சொல்வேன்ல, அந்த அக்கா."

வாயருகே கொண்டுபோன பூரியைத் தட்டிலேயே வைத்தேன்.

"அன்னிக்கு நான் கதவத் தட்னது உனக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சுக்கா. வெளி ஆளுக்குக் கொரல் குடுக்கக் கூடாதுன்னு சபிதா தீதி சொல்லியிருந்தா. ஆனா தண்ணி உள்ள வருது, பயமா இருந்துச்சு. கூப்புடலாம்னு எழுந்து கதவுல காத வெச்சேன். அப்பதான் சாக்பீஸ் சத்தம் கேட்டுச்சு. அட, கொசு அக்கா. எழுதுறாங்க. நம்மள எழுதிட்டாங்க, இனிமே ஆளு வரும்னு ஒக்காந்துட்டேன்."

ஒரு பூரியை எடுத்துக் கட்டை விரலால் ஓட்டை போட்டாள்.

"கட்டுலுக்குத் தண்ணி வந்தப்பகூட நான் அழுவல அக்கா. எழுதியிருக்கே. அதே மாதிரி நீங்களே வந்துட்டீங்க."

அவள் அதை வருஷக்கணக்காக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அதைச் சும்மா வாங்கி வைத்துக்கொண்டு ரயிலேற எனக்கு முடியவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். வெட்கம் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

"நான் அப்படி எழுதல ரஸ்மிதா" என்றேன். "ஆளில்லைன்னு எழுதுனேன்."

"அப்டின்னா?"

"உள்ள யாரும் இல்லன்னு. நீ ஊருக்குப் போயிட்டன்னு நெனச்சேன். எழுதிட்டுப் போயிட்டேன். பிஜய் வந்து கேக்கலன்னா நான் திரும்பி வந்திருக்கவே மாட்டேன்."

பூரியில் ஊற்றிய புளித் தண்ணீர் அவள் விரல் வழியாக வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாணவன், "அக்கா, எனக்கு இன்னொரு பிளேட்" என்றான். அவள் அவனையும் கவனிக்கவில்லை.

பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வண்டியைச் சுற்றி என் பக்கம் வந்தாள். என் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

நான் தட்டை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு எழுந்தேன். "போயிட்டு வர்றேம்மா" என்றேன். அவள் மாணவனுக்குத் தட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். ரயிலடி போகிற வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். போயிட்டு வாங்க என்று அவள் சொல்லவில்லை.